உயர்ந்த மலைகளும் அரை மாத்திரையும்

(மருத்துவமனையைத் தாங்குவோர் கூடுகையில் எங்கள் மருத்துவக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

இன்றைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். பெரிய காஞ்சிபுரம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 80 மீட்டர் மேலே இருக்கிறது. இந்தச் சமபூமியில் உட்கார்ந்துகொண்டு மலை நோயைப் பற்றியும் அதைத் தடுக்கும் மருந்தைப் பற்றியும் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம்.

காரணம் இதுதான். கோடைக்காலம் வந்தால் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "டாக்டரம்மா, முக்திநாத் போறோம். மூச்சு வாங்காம இருக்க ஏதோ மாத்திரை இருக்குதாமே, எழுதிக் குடுங்க." பெரிய காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். அங்குள்ளவர்களுக்குக் கைலாயமும் கேதாரமும் வாழ்நாள் ஆசை. வரதராஜர் கோயில் இருக்கிற சின்ன காஞ்சிபுரத்தாருக்கு நேபாளத்து முக்திநாத்தும் பத்ரிநாத்தும். அரசு மானியமும் கிடைக்கத் தொடங்கிய பிறகு, முன்பெல்லாம் கனவிலும் நினைத்திராத நெசவாளர் குடும்பங்களும் புறப்படுகின்றன. கைலாய யாத்திரை 2020 முதல் ஐந்து ஆண்டுகள் நின்றிருந்து 2025இல் மறுபடியும் தொடங்கியது. இவர்களோடு, லடாக்கில் பணிபுரியும் இராணுவ வீரர்கள், அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோர், வட இந்திய ஊழியத்துக்குப் போகும் நம் சபைகளின் வாலிபர்கள் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மக்கள் மலையை அறியாதவர்கள். நாம் மலை என்று சொல்லுவது கோடைக்கானலையும் ஊட்டியையும்தான். கோடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர், ஊட்டி 2,240. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல் இராத்தங்குகிறவர்களுக்கு வருவது. ஆகையால் பள்ளிப் பிள்ளைகளாகவோ ஓய்வு முகாமுக்காகவோ கோடைக்கானல் போய்வந்த எவருக்கும் அந்த அனுபவம் கிடையாது. கேதார்நாத் 3,583 மீட்டர். முக்திநாத் ஏறக்குறைய 3,750. மானசரோவர் ஏரி 4,500க்கும் மேல். கைலாயத்தைச் சுற்றிவரும் வழியில் இருக்கிற டோல்மா கணவாய் சுமார் 5,600 மீட்டர். அந்த உயரத்தில், நம் ஊரில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவில் பாதிதான் கிடைக்கும்.

அங்கே உடலுக்குள் நடப்பதைச் சற்றுப் பொறுமையாகச் சொல்ல விரும்புகிறோம். இது விளங்கிவிட்டால் மாத்திரை என்ன செய்கிறது என்பதும், எதைச் செய்யாது என்பதும் தானாக விளங்கிவிடும்.

காற்றில் பிராணவாயு குறைந்தவுடன் நாம் கேளாமலே உடல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. இது நல்லதுதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. மூச்சு அதிகமாக வெளியே போகும்போது அதோடு கரியமிலவாயுவும் அதிகமாகப் போய்விடுகிறது. கரியமிலவாயு இரத்தத்தில் சற்றே புளிப்பை, அதாவது அமிலத் தன்மையைக் கொடுப்பது. அது குறைந்தால் இரத்தம் காரத் தன்மை அடைகிறது. நம் ஊர்ச் சாயப்பட்டறைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். தொட்டியில் அமிலமும் காரமும் நிலை மாறினால் பட்டில் சாயம் சரியாக ஏறாது. மூளையும் அப்படியே மிகக் கவனமாக இரத்தத்தின் நிலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. காரம் ஏறியதைக் கண்டதும், "போதும், மூச்சைக் குறை" என்று கட்டளையிடுகிறது. ஒரு பக்கம் பிராணவாயு போதவில்லை, இன்னும் மூச்சு வாங்கு என்ற குரல். மறுபக்கம் காரம் ஏறிவிட்டது, நிறுத்து என்ற குரல். இரவில் தூங்கும்போது இந்த இழுபறி மோசமாகிறது. சில மூச்சுகள் வேகமாக வரும், பிறகு சில விநாடிகள் மூச்சே நின்றுவிடும், திடுக்கிட்டு விழித்துக்கொள்வார்கள். பக்கத்தில் படுத்திருக்கிறவர்கள் பயந்துபோவார்கள்.

இந்த இழுபறியைத் தீர்க்கிறவை சிறுநீரகங்கள். இரத்தத்தில் மிஞ்சிப்போன பைகார்பனேட் என்னும் காரச் சத்தை அவை சிறுநீரில் வெளியேற்றுகின்றன. நம் வீட்டு ஆப்பச்சோடாவில் இருப்பதும் இதே சத்துதான். சோடா வெளியேறினால் இரத்தம் பழைய நிலைக்குத் திரும்பும். மூளை கட்டை எடுத்துவிடும். மூச்சு தடையில்லாமல் ஓடும். தேவன் நம் சரீரத்தில் வைத்திருக்கிற ஏற்பாடு அருமையானது. ஆனால் சிறுநீரகங்கள் இதை நிதானமாகச் செய்கின்றன. சில நாட்கள் பிடிக்கும். அந்தச் சில நாட்களுக்குள்தான் தலைவலி, வாந்தி, பசியின்மை, தலைசுற்றல், தாங்க முடியாத சோர்வு எல்லாம் வருகின்றன.

இப்போது மாத்திரைக்கு வருவோம். அதன் பெயர் அசிட்டசோலமைடு. கடைகளில் டயமாக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். இது மலைக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. கண் அழுத்த நோய்க்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவருவது. எங்கள் மருந்தகத்திலும் கண் நோயாளிகளுக்காகவே அது இருந்துவந்தது. 1960களில்தான் மலையேறுகிறவர்களுக்கும் அது உதவும் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள்.

அது செய்யும் வேலை ஒன்றே. சிறுநீரகத்தில், வெளியே போகவேண்டிய சோடாவைத் திரும்ப இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ள உதவுகிற ஒரு நொதி உண்டு. மாத்திரை அந்த நொதியைக் கட்டிவைக்கிறது. உடனே சோடா சிறுநீரோடு போகத் தொடங்குகிறது. சிறுநீரகங்கள் மூன்று நான்கு நாட்களில் தாமாகச் செய்யும் வேலையை முதல் நாளிலேயே தொடங்கிவைக்கிறது, அவ்வளவுதான். இரத்தம் சற்று அமிலத் தன்மை அடைவதால் மூளை மூச்சைத் தடுப்பதில்லை. இரவில் மூச்சு நின்று நின்று வருவது குறைகிறது. தூக்கத்திலும் இரத்தத்தில் பிராணவாயு கூடுதலாக இருக்கிறது.

இதனால் இரண்டு காரியங்கள் தெளிவாகின்றன. முதலாவது, தலைவலி வந்தபின் அவசரமாகப் போட்டுக்கொள்வதைவிட, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்குவது மேல். பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மி.கி. காலையிலும் இரவிலும் போதும். நம் நாட்டில் பெரும்பாலும் 250 மி.கி. மாத்திரையாகவே கிடைப்பதால் அரை மாத்திரை. உயர்ந்த இடத்தை அடைந்து இரண்டு நாள் வரை, அல்லது இறங்கத் தொடங்கும் வரை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, இது நோயை மூடி மறைக்கும் மருந்தல்ல. வலி மாத்திரை வலியை மறக்கச் செய்கிறது. இதுவோ உடல் மலைக்குப் பழகுவதை விரைவாக்குகிறது. ஆகவே, "இதைப் போட்டால் ஆபத்து தெரியாமல் போய்விடுமோ" என்ற பயம் வேண்டாம். மாத்திரை போட்டும் தலைவலி வந்தால் அது உண்மையான தலைவலிதான்.

விரல் நுனிகளும் உதடும் சுறுசுறுவென்று மரத்துப்போவது போலிருக்கும். அடிக்கடி சிறுநீர் போகவேண்டும். குளிரில், கழிப்பறை தூரத்திலுள்ள முகாம்களில், வயதான தாய்மாருக்கு இது சிறிய கஷ்டமல்ல. வேடிக்கையான விளைவு ஒன்றும் உண்டு: கோலி சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். அதே நொதி நாக்கிலும் இருப்பதுதான் காரணம். இவற்றை முன்னமே சொல்லாவிட்டால் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஊரிலேயே ஓரிரு நாள் போட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது என்று நாங்கள் சொல்லுவது இதற்காகவே.

ஆனால் எல்லாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகம் அல்லது கல்லீரல் பழுதுபட்டவர்கள், சிறுநீரகக் கல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரைத் தனித்தனியே யோசித்துத்தான் சொல்லவேண்டும். தறிக்குழியில் முப்பது நாற்பது வருஷம் உட்கார்ந்து உழைத்தவர்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் ஏராளம். பெண்களில் பலருக்கு இரத்தசோகை. இரத்தசோகையோடு 4,500 மீட்டருக்குப் போவது அரைப்படி அரிசியோடு கலியாண விருந்துக்குச் சமைக்கப் புறப்படுவது போலத்தான். "மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்க" என்று வருகிறவரை உட்காரவைத்து, இரத்தம் பார்த்து, இருதயத்தைப் பார்த்து, இப்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகளையெல்லாம் மேஜையில் பரப்பிப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

அப்படிப் பரப்பும்போது அடிக்கடி ஒரு குழப்பத்தைக் காண்கிறோம். இரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ எடுக்கும் "நீர் மாத்திரை" ஏற்கெனவே இருக்கிறதே, அதுவே போதாதா என்பார்கள். இரண்டுமே சிறுநீரை அதிகமாக்குவதால் இப்படித் தோன்றுகிறது. இந்த எண்ணம் ஒரு காலத்தில் பெரிய மருத்துவர்களுக்கும் இருந்தது. 1962ஆம் வருஷத்துச் சீன யுத்தத்தில் நம் வீரர்கள் சமபூமியிலிருந்து அவசரமாக இமயத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பழகுவதற்கு நாளில்லை. குண்டுபடாமலே நோயில் விழுந்தவர்கள் அநேகர். அவர்களைக் கவனித்த இராணுவ மருத்துவர்கள் உலகத்துக்கே பாடம் எழுதினார்கள். உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நோயைப் பற்றி டாக்டர் என். டி. மேனன் 1965இல் எழுதினார். டாக்டர் இந்தர் சிங்கும் அவரோடிருந்தவர்களும் 1,925 வீரர்களைப் பார்த்து 1969இல் எழுதிய கட்டுரையை மலை நோயைப் படிக்கிறவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். அந்நாட்களில் அவர்கள் புரூசமைடு என்னும் சாதாரண நீர் மாத்திரையில் மிகுந்த நம்பிக்கை வைத்திருந்தார்கள். பின்வந்த அனுபவம் அதை ஆதரிக்கவில்லை. அந்த மாத்திரை உடலிலுள்ள நீரையும் உப்பையும் இறக்குகிறது. ஏற்கெனவே காய்ந்த காற்றில் வறண்டிருப்பவரை மேலும் வறட்டுகிறது. வெளியேற வேண்டியது சோடாச் சத்து. ஆகவே வீட்டிலிருக்கும் நீர் மாத்திரையை இதற்கு மாற்றாக நினைக்கவேண்டாம்.

பச்சைக் கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்வதைப் பற்றியும் கேட்கிறார்கள். முகர்ந்தால் மூக்குக்கு இதமாக இருக்கும். இரத்தத்தில் பிராணவாயு ஒரு துளியும் கூடாது.

மலை நோயை மருத்துவர்களுக்கு முன்பே எழுதிவைத்தவர் ஒரு குருவானவர் என்பது நம் கூட்டத்தாருக்குச் சந்தோஷமாயிருக்கும். தென் அமெரிக்காவில் ஊழியம் செய்த யேசு சபைக் குரு ஹோசே தெ அக்கோஸ்தா, பெரு தேசத்து மலைக் கணவாயில் தாம் பட்ட பாட்டை 1590இல் வெளியான நூலில் விவரித்தார். அங்குள்ள காற்று மனிதன் சுவாசிக்கத் தகாதபடி மெல்லியது என்று சரியாகவே ஊகித்தார். நம் தேசத்திலோ, 1760இல் தரங்கம்பாடிக்கு வந்த அதே மொரேவிய சபையார்தான், நூற்றிருபத்தைந்து வருஷம் கழித்து, 1885இல், லடாக்கின் லே பட்டணத்தில் மிஷன் நிலையம் தொடங்கினார்கள். அவர்களுடைய மருத்துவ மிஷனரியின் பெயர் கார்ல் மார்க்ஸ்! நீங்கள் நினைக்கிற மார்க்ஸ் அல்ல. 3,500 மீட்டர் உயரத்தில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்த அவர் 1891இல் அங்கே பரவிய கொள்ளைக் காய்ச்சலில் மரித்தார்.

அந்த மிஷனரிமார் லேக்குப் போனது கால்நடையாகவும் குதிரையிலும், பல நாட்கள், கணவாய் கணவாயாக. உடலுக்குப் பழக அவகாசம் இருந்தது. இன்றைக்கு டில்லியில் காலையில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் லே. விமானம் எடுத்துக்கொண்ட அந்த நாட்களில் சிலவற்றை மாத்திரை திருப்பிக் கொடுக்கிறது. எல்லாவற்றையும் கொடுப்பதில்லை. இதைத்தான் நாங்கள் வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லுகிறோம். நம் இராணுவம் இன்றும் தன் வீரர்களை 2,700 மீட்டருக்கு மேல் முதல் கட்டத்தில் ஆறு நாளும், 3,600க்கு மேல் நான்கு நாளும், 4,500க்கு மேல் இன்னும் நான்கு நாளும் நிறுத்திவைத்துத்தான் அனுப்புகிறது. இருபது வயது வீரனுக்கே அப்படியானால் அறுபது வயதுப் பாட்டிக்கு ஒரே நாளில் ஏற்றும் பயணத் திட்டம் எப்படித் தகும்? வாலிபர்கள் தங்களுக்கு வராது என்று எண்ணுகிறார்கள். அதுவும் தவறு. திடகாத்திரமானவன் வேகமாக ஏறுவான். வேகமாக ஏறுகிறவனுக்கே நோய் அதிகம்.

3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் தங்குமிடம் முந்தின இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரவேண்டாம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு. மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. தலைவலி இருக்கும்போது மேலே ஏறக்கூடாது. குடித்தவனைப் போல ஒருவர் தள்ளாடி நடந்தாலோ, பிதற்றினாலோ மூளையில் வீக்கம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்து இருமினால் நுரையீரலில் நீர். உடனே, இரவானாலும், கீழே இறக்கவேண்டும். நுரையீரல் நோயை இந்த அரை மாத்திரை நிச்சயமாகத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. முன்னே ஒருமுறை அந்நோய் வந்தவர்களுக்கு நிபெடிபின் என்ற வேறு மருந்து உண்டு. டெக்சாமெத்தசோன் என்ற ஊக்க மருந்து மூளை வீக்கத்துக்கு உயிர்காக்கும் மருந்து. ஆனால் அது உடலை மலைக்குப் பழக்குவதில்லை. நிறுத்தினால் நோய் திரும்பும். அதைத் தாங்களாகவே வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்களைக் குறித்து எங்களுக்கு மிகுந்த கவலை உண்டு.

மாத்திரை எழுதுவதைவிடக் கடினமான பகுதி வேறொன்று. வாழ்நாள் சேமிப்பைக் கட்டிவிட்டு, நாற்பது பேரோடு பஸ்ஸில் புறப்படுகிற ஒரு தகப்பனார், நடுவழியில் "எனக்கு முடியவில்லை, நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லமாட்டார். மற்றவர்களுக்குப் பாரமாக இருக்கக்கூடாதென்று தலைவலியை மறைப்பார். ஆகவே நாங்கள் பிள்ளைகளையும் கூட அழைத்துவரச் சொல்லுகிறோம். "அப்பா சாப்பாடு வேண்டாம் என்றால், தனியாகப் போய்ப் படுத்துக்கொண்டால், நீங்கள்தான் கேட்கவேண்டும்" என்று மகனிடமும் மருமகளிடமும் சொல்லி அனுப்புகிறோம். சிலரிடம் போகவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறோம். கைலாய யாத்திரைக்குப் போகிறவர்களை அரசாங்கமே டில்லியில் பரிசோதித்து, வழியில் குஞ்சியில் மறுபடியும் பரிசோதித்து, தகுதியில்லாதவர்களைத் திருப்பி அனுப்புகிறது. தனியார் குழுக்களில் போகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு எப்போதும் இருப்பதில்லை.

உங்களில் சிலர் எங்களிடம் வெளிப்படையாகக் கேட்ட ஒரு கேள்விக்கு இங்கே பதில் சொல்லவேண்டும். விசுவாசிகளின் காணிக்கைப் பணத்தைக் கைலாயத்துக்கும் முக்திநாத்துக்கும் போகிறவர்களுக்காகச் செலவிடலாமா என்பது அந்தக் கேள்வி. கேட்டவர்களை நாங்கள் குறைவாக எண்ணவில்லை. தசமபாகத்தை உண்மையாய்க் கொடுக்கிறவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட கேள்வி வரும். எங்கள் பதில் இது. பிரசவத்துக்கு வருகிற தாயிடம் நாங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று கேட்பதில்லை. எரிகோவுக்குப் போகிற வழியில் விழுந்துகிடந்தவன் எதற்காகப் பிரயாணம் செய்தான் என்று சமாரியன் விசாரிக்கவுமில்லை. விழுந்தபின் தூக்குவது நம் கடமையானால், விழாமல் தடுப்பது எப்படிக் கடமையல்லாமல் போகும்? செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம்: அரை மாத்திரையின் விலை அற்பம். உங்கள் காணிக்கை உண்மையில் வாங்கிக் கொடுப்பது இரத்தப் பரிசோதனையையும், ஒரு மருத்துவர் அவசரமில்லாமல் உட்கார்ந்து பேசும் இருபது நிமிஷத்தையும்தான். அந்த இருபது நிமிஷம் கட்டணம் கொடுக்க முடியாத நெசவாளருக்குக் கிடைக்கவேண்டும் என்பதே எங்கள் விண்ணப்பம். விரலில் மாட்டிப் பிராணவாயு அளவைப் பார்க்கும் சிறு கருவிகளும் சில தேவைப்படுகின்றன. குழுவோடு இரவல் அனுப்பித் திரும்ப வாங்கிக்கொள்ள எண்ணியிருக்கிறோம். ஆனால் கருவியில் எண் நன்றாக இருந்தாலும் நடையில் தள்ளாட்டம் இருந்தால் இறங்கவேண்டியதுதான். அதையும் சேர்த்தே சொல்லி அனுப்புவோம்.

கூட்ட முடிவில் போதகர் ஐயா ஒருவர், எருசலேம் யாத்திரையில் எகிப்து வழியாகப் போய்ச் சீனாய் மலை ஏறுகிறவர்களும் இந்த மாத்திரை போடவேண்டுமா என்று கேட்டார்கள். தேவையில்லை. மோசேயின் மலை என்று காட்டப்படும் சிகரம் 2,285 மீட்டர். ஏறக்குறைய நம் ஊட்டி உயரம். அங்கே இராத்தங்குவதுமில்லை, நடுராத்திரியில் ஏறி, சூரிய உதயம் பார்த்து, இறங்கிவிடுகிறார்கள். அங்கே மூச்சு வாங்கினால் அது படிகளால். மூட்டு வலியோ நெஞ்சு வலியோ உள்ளவர்கள் புறப்படுமுன் எங்களிடம் வந்து காட்டிவிட்டுப் போகட்டும். மற்றவர்களுக்கு ஒரு கம்பளியும், டார்ச் விளக்கும், பழகிய செருப்பும் போதும்.